தொலைபேசியில் தொலைந்த எழுத்து

என் பெயருக்கு முன்னால் இரண்டு எழுத்துகள் நிற்கின்றன, ஊருக்கு ஒன்று, தகப்பனாருக்கு ஒன்று, இரண்டும் எஸ். காகிதத்தில் கையெழுத்திடும்போது இவற்றால் எனக்கு ஒரு சங்கடமும் நேர்ந்ததில்லை. ஆனால் தொலைபேசியில் யாராவது என் பெயரைக் கேட்டு, நானும் கடமை தவறாமல் 'எஸ். எஸ்.' என்று தொடங்கினால், 'எஃப். எஃப்.பா சார்?' என்ற மறுகேள்வி ஐம்பது வருஷ காலமாக என்னைத் துரத்திக்கொண்டே வந்திருக்கிறது. 'எம் ஃபார் மெட்ராஸ்' என்று சிலரும் 'என் ஃபார் நெல்லூர்' என்று வேறு சிலரும் தங்கள் எழுத்துகளுக்குக் காவல் வைத்துக்கொண்டதைப் போல நானும் 'சேலம் எஸ், சேலம் எஸ்' என்று இரண்டு தடவை அழுத்திச் சொல்லப் பழகிக்கொண்டேன். முன்பல் ஒன்று விழுந்தபோது, குற்றம் பல்லின்மேல்தான் என்று தீர்மானித்துப் பல் கட்டிக்கொண்டேன். கட்டிய பல்லோடு சொன்ன எஸ்ஸும் எஃப்பாகவே போய்ச் சேர்ந்தது.

சென்ற தீபாவளிக்கு என் பேரன் ஒரு ஸ்மார்ட்போன் வாங்கினான். அதன் மூன்று கேமராக்களின் திறமையையும், திரையின் மினுமினுப்பையும், பாட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதையும், விளையாட்டுகள் அதில் எவ்வளவு வேகமாக ஓடும் என்பதையும் அரைமணி நேரம் விஸ்தாரமாகச் சொன்னான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிடா, இது போனா எப்படி?" என்றேன். "இது என்ன தாத்தா கேள்வி? போன் போன்தான்" என்றான். அவன்மேல் குற்றமில்லை, விற்ற கடைக்காரரும் அந்த விஷயத்தைப் பேசியிருக்கமாட்டார், பக்கம் பக்கமாக வந்த விளம்பரமும் பேசவில்லை. ஆயினும் ஒரு காலத்தில் இந்த யந்திரத்தைப் பற்றி உலகம் கேட்ட கேள்வி அது ஒன்றுதான். அதற்கு விடை காண்பதையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட விஞ்ஞானிகள் இருந்தார்கள். குரலுக்கு மார்க் போடும் பரீட்சை மண்டபங்கள் இருந்தன. அந்தப் பரீட்சைகளின் சரித்திரத்தைத் தேடிப் படிக்கப் புகுந்த இடத்தில்தான், என்னுடைய எஸ் தொலைபேசி பிறந்த வருஷத்திலேயே தொலைந்துபோன எழுத்து என்ற உண்மை எனக்குத் தெரியவந்தது.

1876-ஆம் வருஷம், அமெரிக்க சுதந்திரத்தின் நூற்றாண்டை ஒட்டி ஃபிலடெல்ஃபியா நகரத்தில் ஒரு மாபெரும் பொருட்காட்சி நடந்தது. அங்கே வைக்கப்பட்ட நூதன சாதனங்களைப் பார்வையிட்டுப் பரிசுக்குரியவற்றைத் தேர்ந்தெடுக்கும் நடுவர்களில் ஒருவர், அட்லாண்டிக் கடலடித் தந்தியால் புகழ்பெற்ற சர் வில்லியம் தாம்ஸன். பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று உலகம் அறிந்த அதே மனிதர். ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை, கடும் வெயில். சுற்றிச் சுற்றிக் களைத்துப்போன நடுவர்கள் அன்றைய வேலையை முடித்துக்கொள்ள எண்ணிய வேளையில், அவர்களோடு வந்திருந்த பிரேசில் சக்கரவர்த்தி இரண்டாம் பெட்ரோ, ஓர் ஓரத்தில் நின்றிருந்த இருபத்தொன்பது வயது இளைஞரை அடையாளம் கண்டுகொண்டார். அவர் அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல். பாஸ்டனில் செவிடர்களுக்குப் பேசக் கற்பிக்கும் ஆசிரியர் என்ற முறையில் சக்கரவர்த்திக்கு முன்பே அறிமுகமானவர். அந்தப் பரிச்சயத்தினால் நடுவர்கள் இன்னும் சிறிது நேரம் நின்றார்கள். கம்பியின் ஒரு முனையில் பெல் பேச, மறுமுனையில் சக்கரவர்த்தியும் தாம்ஸனும் ஒருவர்பின் ஒருவராகக் காது வைத்துக் கேட்டார்கள்.

பெல் முதலில் சொன்னது ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில் வரும் பிரசித்தி பெற்ற தனிமொழியை. மனப்பாடமான வசனத்தைக் கேட்கிறவன் பாதியைக் காதாலும் பாதியை நினைவாலும் கேட்கிறான். ஆகையால் அதில் தேறியதைக் கொண்டு யந்திரத்துக்குப் பெரிய மார்க் கொடுத்துவிட முடியாது. பிறகு நியூயார்க் பத்திரிகைகளிலிருந்து எதேச்சையாகப் பொறுக்கிய வாக்கியங்கள் கம்பி வழியே வந்தன. அவற்றையும் தாம்ஸன் கேட்டுப் புரிந்துகொண்டார். அதே வருஷம் செப்டம்பர் மாதம் கிளாஸ்கோ நகரத்தில் கூடிய விஞ்ஞானிகள் சபையில், தந்தி வித்தையின் அதிசயங்களிலெல்லாம் பேரதிசயம் இதுவே என்று புகழ்ந்து, தாம் கேட்ட வாக்கியங்களை வரிசையாகச் சொல்லி வந்தவர், நேர்மையான நடுவராகையால், தாம் தவறவிட்ட இடத்தையும் மறைக்காமல் சொன்னார். எஸ். எஸ். காக்ஸ் என்ற அமெரிக்க அரசியல்வாதி வந்துசேர்ந்தார் என்பது அந்த வாக்கியங்களில் ஒன்று. வந்துசேர்ந்தார் என்பது தாம்ஸன் காதில் தெளிவாக விழுந்தது. வந்தவர் யார் என்பது மட்டும் பிடிபடவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு உண்டான ஆறுதலைச் சொல்லி முடியாது. உலகத்தின் முதல் தொலைபேசிப் பரீட்சைகளுள் ஒன்றில், உலகத்தின் மிகச் சிறந்த பௌதிக விஞ்ஞானிகளுள் ஒருவருடைய காதில் ஏறாமல் போன எழுத்துகள் எஸ். எஸ்.! அது தற்செயலாக நேர்ந்த பிழையும் அன்று. அந்த ஒரு தோல்விக்குள்ளேயே தொலைபேசியின் இரண்டு நித்திய குறைபாடுகள் அடங்கியிருந்தன. சகாரம் போன்ற சீறொலிகளை அது சரியாகத் தூக்கிச் செல்லாது என்பது ஒன்று. வாக்கியத்தில் விட்டுப்போனதை மனம் ஊகித்து நிரப்பிக்கொள்ளும், ஆனால் பெயரை ஊகிக்க முடியாது என்பது மற்றொன்று.

ஆனால் அந்த நாளில் இந்த நுட்பங்களைப் பற்றிக் கவலைப்பட யாருக்கும் அவகாசமில்லை. குரல் கேட்கிறதா இல்லையா என்பதே பெரிய கவலையாக இருந்தது. பெல்லின் கருவியில் பேசுகிறவருடைய குரலின் அதிர்வே மின்சாரத்தை உண்டாக்கவேண்டியிருந்தமையால், சில மைல் தூரத்துக்குள் குரல் தேய்ந்து கிசுகிசுப்பாகிவிடும். எடிசன் 1877 முதல் செய்த சோதனைகளின் பயனாகக் கரியைக் கொண்டு குரலை வலுப்படுத்தும் முறை வந்தது. மறுவருஷம் ஹன்னிங்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் கரியைத் தூளாக்கிப் பெட்டியில் அடைத்தார். பிற்காலத்துப் பேசுங்குழல்களுக்குள் ஒரு நூற்றாண்டு காலம் குடியிருந்தது இந்தக் கரித்தூள்தான். அது குரலைப் பெருக்கியது. கூடவே கரகரப்பையும் சேர்த்தது. நாளடைவில் இறுகிக் கட்டியாகிப் பேச்சையே மந்தமாக்கியது. பழைய கறுப்பு டெலிபோனில் பேசுமுன் பெரியவர்கள் குழலை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டுவார்களே, அது வெறும் பழக்கமன்று. கரித்தூளை உதிர்த்துக்கொடுக்கும் வைத்தியம்.

ஓரியண்டல் டெலிபோன் கம்பெனி 1881-82-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை நகரங்களில் இணைப்பகங்களைத் திறந்தபோது தொலைபேசி நம் நாட்டுக்கும் வந்தது. தூரம் கூடக் கூடக் குரல் தேய்வதை அளக்க அக்காலத்துப் பொறியாளர்கள் கண்டுபிடித்த உபாயம் சுவாரசியமானது. நிர்ணயிக்கப்பட்ட கனமுள்ள கம்பியை ஒரு மைல் நீளத்துக்கு எடுத்துக்கொண்டு அதையே அளவுகோலாக்கினார்கள். சோதிக்கவேண்டிய தொலைபேசியின் வழியாக ஒருவர் பேச, கேட்பவர் ஒரு சாவியைத் திருப்பித் திருப்பி, அதே குரலை அளவுகோல் கம்பியின் வழியாகவும் கேட்பார். இரண்டும் ஒரே அளவாகத் தேய்ந்து கேட்கும்வரை கம்பியின் மைல்களைக் கூட்டிக் குறைத்து, 'இந்தக் கருவியின் நஷ்டம் இத்தனை மைல்' என்று எழுதிக்கொள்வார்கள். குரலின் தேய்மானத்தை மைல் கணக்கில் சொன்ன காலம் அது. 1924-இல் இந்த மைலுக்குப் பதிலாகக் கணித சுத்தமான ஓர் அலகு வந்தது. சில வருஷங்களில் அதற்குப் பெல்லின் பெயரால் டெசிபெல் என்று பெயரிட்டார்கள். இன்று ஒலிபெருக்கிக்குத் தடைபோடும் காவல்துறை அறிவிப்பில் வரும் டெசிபெல், ஒரு காலத்துத் தொலைபேசிப் பரீட்சகரின் கம்பி மைலுக்குப் பிறந்த பிள்ளை.

உரக்கக் கேட்பது வேறு, தெளிவாகக் கேட்பது வேறு என்ற விவேகம் அதன்பின் வந்தது. 1910-இல் ஜார்ஜ் கேம்ப்பெல் என்ற பெல் கம்பெனிப் பொறியாளர், தனித்தனி அசைகளை அனுப்பி அவற்றில் எவை எவையாக மாறிக் கேட்கின்றன என்று கணக்கெடுத்தார். பிறகு ஹார்வி ஃபிளெட்சர் என்ற பௌதிக அறிஞரின் தலைமையில் பெல் ஆராய்ச்சிசாலையில் இதுவே ஒரு சாஸ்திரமாக வளர்ந்தது. அர்த்தமே இல்லாத அசைகளைப் பட்டியல் பட்டியலாக ஒருவர் வாசிக்க, தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவர்கள் கேட்டதைக் கேட்டபடி எழுதவேண்டும். நூற்றுக்கு எத்தனை சரி என்பதே கருவியின் மார்க். அர்த்தமற்ற அசைகள் ஏன் என்றால், அர்த்தம் இருந்தால் மனம் காதுக்குக் கள்ளத்தனமாக உதவி செய்துவிடும். தாம்ஸன் ஒரு பெயரில் தடுக்கி விழுந்து கண்ட உண்மையை ஃபிளெட்சர் பரீட்சை முறையாகவே ஆக்கிவிட்டார்.

அந்தப் பரீட்சைகளில் வெளிப்பட்ட ஒரு செய்தி, நம் இலக்கணம் படித்தவர்களுக்கு விசேஷமாக ரசிக்கத்தக்கது. பேச்சின் சக்தியில் பெரும்பகுதி தாழ்ந்த ஸ்தாயியில், உயிரெழுத்துகளில் இருக்கிறது. பேச்சின் தெளிவோ பெரும்பாலும் நொடிக்கு ஆயிரம் அதிர்வுகளுக்கு மேற்பட்ட உயர்ந்த ஸ்தாயியில், மெய்யெழுத்துகளில் இருக்கிறது. தொல்காப்பியர் காலம் முதல் உயிர் வந்து சேர்ந்தால்தான் மெய் இயங்கும் என்று படித்து வருகிறோம். தொலைபேசிக் கம்பியிலோ உயிர் சௌக்கியமாகப் பிரயாணம் செய்து போய்ச் சேர்ந்துவிடுகிறது; மெய்தான் வழியில் எங்கோ தங்கிவிடுகிறது. 'அ... ஆ...' என்று உரத்த குரல் வந்துகொண்டே இருக்கும்; என்ன சொல் என்பது மட்டும் தெரியாது.

மெய் தங்கிப்போனதற்கு இயற்கை பாதிக் காரணம். மீதிப் பாதி சிக்கனம். ஒரே கம்பியில் பல சம்பாஷணைகளை அடுக்கி அனுப்பும் முறை பெருகியபோது, ஒவ்வொரு பேச்சுக்கும் எவ்வளவு இடம் ஒதுக்குவது என்ற கேள்வி எழுந்தது. மனிதக் காது நொடிக்கு 20 முதல் 20,000 அதிர்வுகள்வரை கேட்கவல்லது. அத்தனைக்கும் இடம் கொடுத்தால் கம்பி கட்டுபடியாகாது. வாக்கியம் புரிவதற்கு எவ்வளவு போதும் என்று பார்த்து, 300 முதல் 3,400 அதிர்வுகள்வரை என்று பாத்தி பிரித்தார்கள். அது உலகத்துக்கெல்லாம் பொது விதியாயிற்று. அலெக் ரீவ்ஸ் என்ற ஆங்கிலேயர் 1937-இல் பாரிஸில் இருந்தபோது கண்ட யோசனையின்படி, குரலை எண்களாக்கி அனுப்பும் காலம் பின்னால் வந்தபோது, நொடிக்கு 8,000 தடவை குரலை அளந்து 64,000 பிட்டுகளாக எழுதினார்கள். எண்ணாயிரம் தடவை அளந்தால் நாலாயிரத்துக்கு மேற்பட்ட அதிர்வுக்கு இடமே இல்லை என்பது கணித நியதி. என் எழுத்தாகிய எஸ்ஸின் சீறலோ பெரும்பாலும் அந்த நாலாயிரத்துக்கு மேலேதான் வாசம் செய்கிறது. பாத்திக்கு வேலி போட்டவர்கள் எஸ்ஸை வேலிக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள்; சீறல் கழிந்த எஸ்ஸுக்கும் எஃப்புக்கும் பேதம் காண்பது அதன்பின் காதின் சாமர்த்தியம்.

வாக்கியத்தைப் பொறுத்தவரை அந்தச் சிக்கனம் யாரையும் பெரிதாக வருத்தவில்லை என்பதையும் சொல்லவேண்டும். வேலிக்கு உட்பட்ட அளவில் பழைய தொலைபேசி உத்தமமான சாதனம். அதன் குழலை வடிவமைக்குமுன் ஆயிரக்கணக்கானவர்களின் முகத்தை அளந்து, காதுக்கும் வாய்க்கும் உள்ள தூரத்தைக் கணக்கிட்டார்கள். பேசுகிறவர் தம் குரலைத் தாமே இலேசாகக் காதில் கேட்கும்படி ஒரு சிறு பங்கைத் திருப்பிவிட்டார்கள். சைடுடோன் என்று அதற்குப் பெயர். அது மிகுந்தால் பேசுகிறவர் குரலைத் தாழ்த்திவிடுவார். குறைந்தால், தம் பேச்சு போகவில்லை என்று எண்ணிக் கத்துவார். இந்த அளவைச் சரியாக வைப்பதற்கென்றே தனி மின்சுற்று இருந்தது. 1948-இல் பெங்களூரில் தொடங்கிய இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் செய்த கறுப்புக் கருவிகளும் இந்த வம்சத்தைச் சேர்ந்தவையே.

அவற்றில் நாம் ஏன் தொண்டை கிழியக் கத்தினோம் என்றால், கருவியைவிடப் பாதையே அதற்குக் காரணம். டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு, ஆர்டினரி என்றால் அரைநாளும், அர்ஜென்ட் என்றால் அதில் பாதியும், லைட்னிங் என்றால் மடியில் கனமும் சுமந்து காத்திருந்த தலைமுறைக்குத் தெரியும்: இணைப்பகம் இணைப்பகமாகத் தாவி வந்த குரல், கிணற்றடியிலிருந்து யாரோ கூப்பிடுவதுபோலத்தான் வந்து சேரும். "அலோ... கேக்குதா? ... கேக்குதா?" என்பதற்கே முதல் நிமிஷம் போய்விடும், மூன்றாவது நிமிஷம் முடிந்ததும் ஆபரேட்டர் குறுக்கிட்டு நீட்டிக்கட்டுமா என்பார். பிரசவச் செய்தியானால் 'ஆம்பளைப் பிள்ளை' என்பது போய்ச் சேரும். வைத்த பெயர் போய்ச் சேராது. அதற்குத் தபால் கார்டுதான். 1960-இல் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே தொடங்கிய, ஆபரேட்டரின்றி வெளியூருக்கு நேரே பேசும் எஸ்.டி.டி. வசதி மெல்ல நாடெங்கும் பரவி, எண்பதுகளின் இறுதியில் மஞ்சள் எழுத்துப் பலகையோடு தெருமுனைப் பூத்துகளாக மலர்ந்தபோது, கட்டணம் குறையும் இரவு நேரத்துக்காக வரிசையில் நின்ற ஜனங்கள், கண்ணாடிக் கூண்டுக்குள் சிவப்பு எண்கள் ஓடுவதைப் பார்த்தபடியே பேசினாலும், கத்தாமல் பேசினார்கள். அந்தப் பத்துப் பதினைந்து வருஷங்கள்தாம் நம் நாட்டில் குரலுக்கு வாய்த்த பொற்காலம் என்பது என் அபிப்பிராயம்.

அதன்பின் கம்பி அறுந்தது. மார்ட்டின் கூப்பர் என்ற பொறியாளர் 1973 ஏப்ரல் 3-ஆம் தேதி நியூயார்க் தெருவில் நின்று, தம் கம்பெனிக்குப் போட்டியான பெல் ஆராய்ச்சிசாலையிலிருந்த ஜோயல் எங்கெலைக் கைத்தொலைபேசியில் கூப்பிட்டதையும், 1991-இல் ஃபின்லாந்தில் ஜி.எஸ்.எம். முறையில் முதல் அழைப்பு நடந்ததையும் பலர் எழுதியிருக்கிறார்கள். குரலுக்கு அப்போது நேர்ந்தது என்ன என்பதை எழுதினவர்கள் குறைவு. காற்றலையில் இடம் கம்பியைவிட அரிது. 64,000 பிட்டுகளுக்கு அங்கே வழியில்லை. ஆகையால் 13,000 பிட்டுகளில் குரலை அடக்க ஒரு தந்திரம் செய்தார்கள். தொண்டையில் அதிர்வு எப்படி, வாயும் நாக்கும் அந்தக் கணத்தில் எந்த வடிவில் இருக்கின்றன என்று நொடியின் ஐம்பதில் ஒரு பங்குக்கு ஒரு தடவை கணித்து, அந்தக் கணிப்பை அனுப்பிவிடுவது. மறுமுனையில் உள்ள கருவி அதைக் கொண்டு குரலைப் புதிதாகச் செய்துகொள்ளும். சுருங்கச் சொன்னால், செல்போன் குரலை அனுப்புவதில்லை. குரலின் ஜாதகத்தை அனுப்புகிறது. இந்த ஜாதக கணிதத்துக்கு அடிகோலியவர்களில் ஒருவர் கான்பூரில் பிறந்து பெல் ஆராய்ச்சிசாலையில் பணியாற்றிய பிஷ்ணு அடல் என்பது நமக்குப் பெருமை தரும் விஷயம். நாம் பேசாமலிருக்கும் இடைவெளிகளில் அலைவரிசையை வீணாக்காமல் கருவி அனுப்புவதை நிறுத்திக்கொள்ளும். திடீர் நிசப்தத்தில் கேட்பவர் மிரண்டு 'அலோ, அலோ' என்று கூப்பிடாதிருக்க, மறுமுனையில் ஒரு மெல்லிய இரைச்சலை அதுவே தயாரித்து ஊட்டும். மௌனம்கூட அங்கே செயற்கைதான்.

இப்படிச் செய்யப்பட்ட குரலை மைல் கணக்கிலும் அசைக் கணக்கிலும் அளந்து முடியவில்லை; சொற்கள் புரியும், ஆனால் பேசுகிறவர் தகரத்துக்குள் இருப்பதுபோல இருக்கும். ஆகவே பரீட்சகர்கள் மனிதர்களையே நாடி, அமைதியான அறையில் பலரை உட்காரவைத்து, வாக்கியங்களைக் கேட்கச் செய்து, மிக நன்று என்றால் ஐந்து, நன்று என்றால் நான்கு, சுமார் மூன்று, மட்டம் இரண்டு, படுமட்டம் ஒன்று என்று மார்க் போடச் சொல்லிச் சராசரி கண்டார்கள். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் இந்த முறையை 1996-இல் பி.800 என்ற விதியாக வகுத்து வெளியிட்டது. கம்பித் தொலைபேசி நான்குக்குச் சற்று மேலே மார்க் வாங்கியது, முதல் ஜி.எஸ்.எம். கருவிகள் மூன்றரையை ஒட்டி நின்றன. பரீட்சையில் அரை மார்க்குக்கு மேல் குறைந்த மாணவனை உலகம் தோளில் தூக்கிக்கொண்டு கொண்டாடியது. காரணம், அவன் கூடவே நடந்து வந்தான்.

நம் நாட்டிலும் அதுவே நடந்தது. 1995 ஜூலை 31-ஆம் தேதி கல்கத்தாவிலிருந்து முதல் மந்திரி ஜோதி பாசு, டில்லியிலிருந்த மத்திய மந்திரி சுக்ராமோடு பேசி செல்போன் யுகத்தைத் தொடங்கிவைத்தார். 2003 வரையில் வருகிற அழைப்புக்கும் காசு கொடுத்தோம். அதனால் குரல் எப்படியிருந்தது என்பதைவிட எத்தனை விநாடி ஓடியது என்பதிலேயே புத்தி இருந்தது. கட்டணம் மலிந்த பிறகு, மொட்டைமாடிக்கு ஓடியும் ஜன்னலோரம் சாய்ந்தும் சிக்னல் பிடித்தோமே தவிர, பிடித்த பின் குரல் எப்படி என்று யாரும் விசாரிக்கவில்லை. பேச்சு நடுவில் அறுந்துபோகும் அழைப்புக்கு ஒரு ரூபாய் வீதம், நாளொன்றுக்கு மூன்றுவரை சந்தாதாரருக்கு நஷ்டஈடு தரவேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2015-இல் ஆணையிட்டது. மறுவருஷம் மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்த வழக்கிலும் விவாதம் முழுவதும் அழைப்பின் மரணத்தைப் பற்றியது. உயிரோடிருந்தபோது அதன் ஆரோக்கியம் எப்படி என்பது விசாரணைக்கே வரவில்லை.

2007 ஜனவரியில் ஐபோனை அறிமுகம் செய்தபோது ஸ்டீவ் ஜாப்ஸ், இந்தக் கருவியின் தலையாய பிரயோஜனம் அழைப்பதுதான் என்றே சொன்னார். ஆனால் கண்ணாடிப் பலகையாகிவிட்ட தொலைபேசியில் காதுக்கென்று மிஞ்சியது நெல்மணி நீளத்தில் ஒரு கீறல். வாய்க்கென்று மிஞ்சியது அடிப்பக்கத்தில் ஓர் ஊசித்துளை. காதை மூடிய பழைய கிண்ணம் போயிற்று. தன் குரல் தன் காதில் திரும்பும் அளவு குறைந்து, பஸ்ஸில் பக்கத்து ஆசனக்காரர் தம் வீட்டு விவகாரத்தை நமக்கெல்லாம் அறிவிக்கும் நாகரிகம் வந்தது. 2010-இல் வந்த ஐபோன் 4-இல் வெளிச்சட்டமே ஆன்டெனாவாக இருந்தமையால், குறிப்பிட்ட இடத்தில் கை பட்டால் சிக்னல் குன்றியது. உலகமெங்கும் அது கேலிப்பொருளாகி, கம்பெனி இலவசமாக உறை கொடுத்துச் சமாளித்தது. போன், போனாக எப்படியிருக்கிறது என்று பத்திரிகைகள் தலைப்பிட்டு விவாதித்தது அநேகமாக அதுவே கடைசித் தடவை.

ஆச்சரியம் என்னவென்றால், நாம் கேட்பதை நிறுத்திய அதே காலத்தில்தான் குரல் நிமிர்ந்தது. 50 முதல் 7,000 அதிர்வுகள்வரை ஏந்திச் செல்லும் அகன்ற பாத்தி ஒன்றை, எச்.டி. வாய்ஸ் என்ற பெயரில் 2009-இல் மால்டோவா என்ற சிறு நாட்டில் ஒரு கம்பெனி கைத்தொலைபேசியில் முதன்முதலாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நம் நாட்டில் 2016 செப்டம்பரில் ஜியோ, பழைய வலைகள் எதுவுமின்றி நான்காம் தலைமுறை வலையிலேயே குரலையும் அனுப்பத் தொடங்கிய பிறகு அது கோடிக்கணக்கானவரின் கைக்கு வந்தது. நாலாயிரம் என்ற வேலி உடைந்து, எஸ்ஸின் சீறல் நூற்று நாற்பது வருஷ வனவாசம் முடித்து வீடு திரும்பியது. இரண்டு மூன்று ஒலிவாங்கிகளைக் கொண்டு தெரு இரைச்சலைக் கழித்துக் குரலை மட்டும் பிரித்தெடுக்கும் வித்தையும் கூடவே வந்தது. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: இரண்டு முனைக் கருவிகளும் நடுவிலுள்ள வலைகளும் சம்மதித்தால்தான் அகன்ற பாத்தி, யாராவது ஒருவர் மறுத்தால் பழைய வேலிக்குள் அடக்கம்.

ஆகவே ஒரு ஸ்மார்ட்போனைப் போனாகப் பரீட்சிக்க விரும்புகிறவர், அமைதியான அறையில் சொந்தக்காரரோடு குசலம் விசாரித்துவிட்டுத் திருப்தியடைவதில் பயனில்லை. பழகிய குரலையும் பழகிய பேச்சையும் மனம் தானே நிரப்பிக்கொள்ளும். பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு, முன்பின் கேட்டிராத பெயர்களையும் வீட்டு எண்களையும் சொல்லச் சொல்லி எழுதிப் பார்க்கவேண்டும்; இருவரும் ஒரே சமயத்தில் பேசினால் ஒருவர் குரல் அமுங்கிவிடுகிறதா என்று கவனிக்கவேண்டும்; பதில் தாமதித்து வருவதனால் பேச்சு முட்டிக்கொள்கிறதா என்று பார்க்கவேண்டும்; பலகையைப் பலவிதமாகப் பிடித்துப் பார்க்கவேண்டும்; எல்லாவற்றுக்கும் மேலாக, பத்து நிமிஷத்தில் எத்தனை தடவை 'என்ன, என்ன?' என்று கேட்டோம் என்று எண்ணவேண்டும். தாம்ஸனும் ஃபிளெட்சரும் செய்ததில் சாரமான பாகம் இவ்வளவே.

இத்தனையும் படித்து முடித்த மறுநாள், பேரனைப் புதுப் போனோடு மொட்டைமாடிக்கு அனுப்பிவிட்டு, அவன் எனக்குத் தள்ளிவிட்ட பழைய போனிலிருந்து கூப்பிட்டேன். "எழுதிக்கோடா" என்று சொல்லி, என் இரண்டு எழுத்துகளையும், வாயில் வந்த அர்த்தமில்லாத அசைகள் இருபதையும் வாசித்தேன். இறங்கி வந்து சீட்டை நீட்டினான். அசைகளில் ஒன்று மட்டும் தவறு, தலைப்பில் எஸ். எஸ். என்று பளிச்சென்று இருந்தது. "எதுக்கு தாத்தா அதை மட்டும் ரெண்டு தடவை சொன்னீங்க? மொதல் தடவையே நல்லாக் கேட்டுச்சே" என்றான். அவனுக்கு அதில் ஒரு விசேஷமும் தெரியவில்லை.

சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருக்கும்போதே போன் மணியடித்தது. ஏதோ ஓர் அலுவலகத்து மேஜைத் தொலைபேசியிலிருந்து ஒரு பெண் குரல். முகவரியைச் சரிபார்க்க வேண்டுமாம், முழுப் பெயரைக் கேட்டாள். நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரே ஒரு தடவை, நிதானமாகச் சொன்னேன்.

"எஃப். எஃப்.பா சார்?"

"சேலம் எஸ் அம்மா," என்றேன், "சேலம் எஸ்."